கட்டிலின் அகலம்

மூடுபனி ஆற்றில் பிறந்து, கரையோரக் கிடங்குகளைத் தடவி, துருப்பிடித்த தண்டவாளத்தைத் தாண்டி, பழைய ஐஸ் தொழிற்சாலையின் வாசலில் வந்து நிற்கும். ஐஸ் உருவாக்குவதை அந்தக் கட்டடம் எந்தக் காலத்திலோ நிறுத்திவிட்டது. குளிர் மட்டும் வெளியேற மறுத்து உள்ளேயே குடியிருந்தது. தடித்த சுவர்கள், உயர்ந்த கூரை, கூரையை ஒட்டி வரிசையாகச் சன்னல்கள். அவற்றின் வழியே இறங்கும் வெளிச்சம் தரையைத் தொடுவதற்குள் பாலாகிவிடும். அந்தப் பால் வெளிச்சத்தில் மரத்தூள் மிதந்துகொண்டே இருக்கும். அதற்குள்தான் அவளுடைய பட்டறை.

அவள் வீடுகளின் உள்ளழகை வடிவமைப்பவள். நாற்காலி, மேசை, கட்டில், அலமாரி எல்லாம் செய்பவள். செய்பவள் என்பதைவிடச் சேர்ப்பவள் என்பதே பொருந்தும். ஓய்வு பெற்ற பல்மருத்துவர் ஒருவர் தூக்கிப் போட்ட சாய்வு நாற்காலியின் இரும்பு உடலுக்குப் புதுத் தோல் தைத்து, ஒரு வழக்கறிஞரின் வரவேற்பறையில் அரியணையாக அமர்த்தினாள். மூடப்பட்ட மருந்துக் கடையின் சின்னச் சின்ன இழுப்பறைகளுக்கு மேலே கண்ணாடிப் பலகை இட்டு, இளந்தம்பதியின் சமையலறை நடுவே மேடையாக நிறுத்தினாள். பழையதைப் பூட்டி வைத்துக் கும்பிடுகிறவர்கள் மேல் அவளுக்குச் சினம். பழையது என்ற ஒரே குற்றத்துக்காக அதை அடுப்பில் போடுகிறவர்கள் மேல் அதைவிடப் பெருஞ்சினம். அவள் பட்டறையில் தேக்கும் எஃகும் சம்பந்தம் பேசின. பிரம்பும் கண்ணாடியும் கைகோத்தன. நீ எந்தக் காலம், நான் எந்தக் காலம் என்று மரம் கேட்டதா? இரும்பு கேட்டதா? கேட்பதெல்லாம் மனிதர்தாம்.

அளவு எடுப்பதில் அவள் பிடிவாதக்காரி. காகிதத்தில் படம் காட்டி எவரையும் மயக்கமாட்டாள். அந்த வீட்டுக்கே போவாள். வெறுந்தரையில் மண்டியிட்டு, வரப்போகும் சோபாவையும் மேசையையும் கட்டிலையும் உண்மை அளவில் சுண்ணக்கட்டியால் கோடாக வரைவாள். "இதோட கொஞ்ச நாள் குடித்தனம் பண்ணுங்க. எங்க இடிக்குதுன்னு சொல்லுங்க" என்று கிளம்பிவிடுவாள்.

அடுத்த முறை போகும்போது அந்த வீட்டில் கோடுகளை வைத்தே சண்டை நடந்துகொண்டிருக்கும்.

"ஏங்க, மறுபடியும் சோபா மேல செருப்போட நிக்கிறீங்க!"

"எங்கடி சோபா? இது தரை."

"கோட்டைப் பாருங்க, கோட்டை!"

"இல்லாத சோபாவுக்கே இந்தப் பாடுன்னா, வந்ததுக்கு அப்புறம் நான் எங்க நிக்கிறது?"

அவள் சிரித்துக்கொண்டே குறித்துக்கொள்வாள். யார் எங்கே சாய்வார், யார் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், யார் முதலில் எழுந்து விளக்கைப் போடுவார் என்று அவள் கேட்காத கேள்வி கிடையாது. ஊரார் உறக்கத்தையெல்லாம் கேட்டறிந்தவள், ஒரே ஒருவரிடம் கேட்காமல் விட்டாள். அதனால் விளைந்ததே இந்தக் கதை.

அவளுடைய தாயார் அவளோடுதான் இருந்தார். தந்தை நெடுநாள் நோயில் கிடந்து மறைந்த பிறகு, பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு தையல் எந்திரத்தோடும் ஓர் இரட்டைக் கட்டிலோடும் மகள் வீட்டுக்கு வந்தவர். வந்தவர் ஓய்ந்து உட்காரவில்லை. மகள் செய்யும் நாற்காலிகளுக்கு மெத்தை உறை, மகள் அமைக்கும் வீடுகளுக்குச் சன்னல் திரை, எல்லாம் அவர் கைத்தையல். மழை பெய்த ஒரு மாலையில், மடியில் சாம்பல் நிறத் துணி குவிந்திருக்க, அவர் பேச்சைத் தொடங்கினார்.

"பாப்பா, எல்லார் வீட்டுக் கட்டிலையும் புதுசு பண்றே. நம்ம கட்டில் திரும்பிப் படுத்தாலே கிரீச்னு கத்துது. அதையும் கொஞ்சம் பாரேன்."

"உனக்குப் பண்ணாம யாருக்கும்மா பண்ணப் போறேன்? பிரமாதமா பண்ணித் தர்றேன். நீ மட்டும் நடுவுல மூக்கை நுழைக்காதே."

"அதுல ஒண்ணு சொல்லணும்னு..."

"ஒண்ணும் சொல்லாதே. உனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?"

தாயார் ஊசியில் நூலைக் கோத்தார். சொல்ல வந்த சொல் நூலோடு சேர்ந்து துணிக்குள் போய்விட்டது.

அது ஈட்டி மரக் கட்டில். இருவர் புரண்டாலும் ஒருவர் மேல் ஒருவர் இடிக்காத அகலம். தலைமாட்டில் கடைந்தெடுத்த தூண்கள். அவற்றுக்கு நடுவே செதுக்கிய கொடியொன்று ஓடியது. அதைப் பட்டறைக்கு ஏற்றி வந்ததும் அவள் வேலையாட்களை விலக்கினாள். "இது எங்க அம்மா கட்டில். நான் ஒருத்தியே பாத்துக்கறேன்." அன்பு சில வேளை இப்படித்தான் வரும், உதவியை விலக்கி, கேள்வியையும் விலக்கி, கையில் ரம்பத்தோடு.

முளைகளைத் தட்டிக் கழற்றினாள். பலகைகளைப் பிரித்தாள். தலைமாட்டுப் பலகையின் மேல் பென்சிலால் கோடு இழுத்தாள். வெளியே மழை கூரையில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. ரம்பம் இறங்கியதும் ஈட்டி மரத்தின் மணம் எழுந்தது. வாடாத பூவைப் பெட்டியில் வைத்து மூடித் திறந்தாற்போன்ற மணம். அந்த மணத்துக்குள் அவள் சிறுமியாகிப் படுத்திருந்தாள். ஒரு பக்கம் அப்பாவின் முதுகு. ஒரு பக்கம் அம்மாவின் கை. நடுவில் அவள் படுத்த இடத்தின் வழியேதான் இப்போது ரம்பம் போய்க்கொண்டிருந்தது. அவளுக்குக் கண் நிறைந்தது. துடைக்காமலே அறுத்தாள். இனி அம்மா ஒருத்தி. ஒருத்திக்கு எதற்கு இத்தனை அகலம்? பக்கத்தில் வெறுமை படுத்துக் கிடக்க, அதைப் பார்த்துக்கொண்டே அம்மா தூங்க வேண்டுமா? வேண்டாம். அந்த வெறுமையையே வெட்டி எடுத்துவிடுவோம் என்று துணிந்தாள்.

மெல்லிய கறுப்பு எஃகுக் கால்கள் வந்தன. தலைமாட்டில் ஒரு விளக்கு, ஒரு புத்தகத் தட்டு. கொடியின் பாதி கட்டிலோடு நின்றது. வெட்டப்பட்ட மறுபாதியைச் சன்னலோரப் பெஞ்சுக்கு முதுகாக மாட்டினாள். உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து மரம் கருந்தேன் நிறம் கண்டது. அவள் செய்தவற்றிலேயே அதுதான் மிகச் சிறந்தது. அதில் ஐயமே இல்லை.

பெஞ்சுக்கு மெருகு ஏற்றிக்கொண்டிருந்தபோது கண்ணாடிக்காரர் வந்தார். பட்டறைக்கு வேண்டிய கண்ணாடியெல்லாம் வெட்டித் தருபவர் அவர்; மனைவியை இழந்து, கடைக்குப் பின்னறையிலேயே தனியாக வாழ்பவர். தலை நரைத்தும் நடை நரைக்காதவர். பழைய நிலைக்கண்ணாடி ஒன்றைத் தோளில் சாய்த்தபடி பனியோடு பனியாக உள்ளே நுழைந்தார்.

"வாங்க அண்ணே. அந்தச் சுவர்ல சாய்ங்க. பாத்து, தரை ஈரம்."

கண்ணாடியைச் சாய்த்தவர் நிமிரவில்லை. கண்ணாடிக்குள் தெரிந்த கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேடம், இது உங்க வீட்டுக் கட்டிலாச்சே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அம்மா ரூம் ஜன்னலுக்குக் கண்ணாடி போட வந்தப்ப பாத்தேன்."

"நல்ல ஞாபகம் அண்ணே உங்களுக்கு! பாருங்க, எப்படி ஒடுக்கிட்டேன். ஒரு ஆள் படுக்க அளவா."

"அம்மா இப்படியா கேட்டாங்க?"

"அவங்க எதுக்குக் கேக்கணும்? அவங்க ஒருத்தங்க. இனிமே அவங்களுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?"

அவர் கைகளைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மீண்டும் துடைத்தார்.

"தெளிவாத்தான் சொல்லிட்டீங்க, மேடம்."

"என்ன சொன்னேன்?"

"இல்ல, வேலை சுத்தமா இருக்குன்னேன். நான் வர்றேன்."

"டீ கொதிக்குது. குடிச்சிட்டுப் போங்க."

"கடையில ஆள் இல்ல."

அவர் கடையில் என்றைக்குமே அவரைத் தவிர வேறு ஆள் இருந்ததில்லை. அது அவளுக்கு நினைவு வருவதற்குள் பனி அவரை வாங்கிக்கொண்டது.

கட்டில் வீடு வந்து சேர்ந்தது. தூக்கிப் போட உதவியவன் அவள் கணவன். அவன் வானிலை நிலையத்தில் பணியாற்றுபவன். நாட்டுக்கெல்லாம் மழை சொல்பவன், தன் வீட்டுக்குள் உருவாகும் புயலை ஒருபோதும் முன்னறிந்ததில்லை. அடுப்பில் வெங்காயம் வதங்கும் மணம். தாயார் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். மகள் அவர் கண்களைப் பின்னாலிருந்து பொத்தி அறைக்குள் நடத்திச் சென்றாள்.

"இப்பத் திறம்மா."

தாயார் பார்த்தார். மகள் எதிர்பார்த்த வியப்பு அந்த முகத்தில் எழவில்லை. முன்பே தெரிந்த செய்தியை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டுப் போக வந்தவர்போல நின்றார்.

"மீதிக் கட்டில் எங்க?"

"இதோ, ஜன்னல்கிட்ட. பெஞ்சு. உக்காந்து வெளியில பாத்துக்கிட்டே இருக்கலாம்."

"பாத்துக்கிட்டே இருக்கலாம்."

"பிடிக்கலையாம்மா?"

"பாப்பா, ஒண்ணு கேக்கறேன். மழுப்பாம சொல்லு. இதைத் தெரிஞ்சு பண்ணினியா, தெரியாம பண்ணினியா?"

"எதைத் தெரிஞ்சு?"

தாயார் மகளின் முகத்தை நிதானமாகப் படித்தார். பிறகு கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தார். கட்டில் கத்தவில்லை.

"தெரியாமத்தான் பண்ணியிருக்கே. சரி, இப்பத் தெரிஞ்சுக்கோ. நான் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருந்தேன்."

"யாருக்கு அத்தை?" என்றான் கணவன்.

"எனக்குத்தான், மாப்பிள்ளை."

சமையலறையில் வெங்காயம் சடசடத்தது. அடுப்பை அணைக்க ஒருவரும் போகவில்லை.

"யாரும்மா?" மகளின் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"கண்ணாடிக்காரர்."

"எந்தக் கண்ணாடிக்காரர்?"

"ஊர்ல உனக்கு எத்தனை கண்ணாடிக்காரரைத் தெரியும்?"

"நம்ம அண்ணனா?"

"உனக்கு அண்ணன். எனக்கு இல்ல." தாயார் சன்னலைப் பார்த்தார். "புயல்ல இந்தக் கண்ணாடி உடைஞ்சப்ப வந்தாரு. கண்ணாடி ஆடாம இருக்க சட்டத்துல பட்டி வச்சுப் பூசிட்டுப் போனாரு. பட்டி காஞ்சிடுச்சான்னு பாக்க மறுநாள் வந்தாரு. அதுக்கு மறுநாளும் வந்தாரு. டீ குடிச்சாரு. பேசினோம்."

"மழைக்காலம் முழுக்கவா அத்தை ஒரு ஜன்னல் பட்டி காஞ்சுது?"

"நல்ல பட்டி மெதுவாத்தான் காயும், மாப்பிள்ளை."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கினான்.

"அம்மா, இது அப்பா படுத்த கட்டில்!"

"ஆமா. அவரைக் குளிப்பாட்டி, துடைச்சு, புரட்டிப் போட்டு நான் பாத்துக்கிட்ட கட்டிலும் இதுதான். அவர் நல்ல மனுஷன். அதுக்காக அவர்கூட நானும் போயிருக்கணுமா?"

"நான் அப்படிச் சொல்லலை. இந்த வயசுலம்மா... நாலு பேரு சிரிக்கமாட்டாங்களா?"

"சிரிக்கட்டும். சாயங்காலம் ஆனா அந்த நாலு பேரும் என்கூட உக்காந்து பேச வருவாங்களா? வரமாட்டாங்க. நீ வேலைக்குப் போயிடுவே, மாப்பிள்ளை மேகம் பாக்கப் போயிடுவாரு. நானும் மெஷினும்தான் பேசிக்கிட்டு இருப்போம். அதுவும் நான் மிதிச்சாத்தான் பேசும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வந்தேன். ஒண்ணும் சொல்லாதேன்னே." தாயாரின் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "அளவு கேக்காம நான் துணியில கத்தரி வச்சா நீ என்னைச் சும்மா விடுவியா? ஊரெல்லாம் போய், எந்தப் பக்கம் படுப்பீங்க, யாரு முதல்ல எந்திரிப்பீங்கன்னு கேக்கறே. பெத்தவளைக் கேட்டியா? நான் ஒருத்திதான்னு உனக்கு யாரு சொன்னது? எனக்கு இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்னு உனக்கு யாரு சொன்னது?"

மகளுக்குள் கோபம் மட்டும் இருந்தது. அது யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"நீ ஒண்ணும் தடுக்க வேண்டாம்," தாயார் எழுந்தார். குரல் தணிந்திருந்தது. "நீ அறுத்து வச்சதைப் பாத்துட்டு அவர் போன் பண்ணிட்டாரு. உங்க மக பதில் சொல்லிட்டாங்க, இதோட விட்டுடலாம்னு. முடிஞ்சுபோச்சு. வாங்க சாப்பிட, ரொட்டி ஆறுது."

அதன்பின் அந்த வீட்டில் பனி உள்ளேயும் புகுந்தது. யாரும் யாரோடும் சண்டையிடவில்லை. தாயார் சமைத்தார், தைத்தார், துவைத்த துணியை மடித்தார். படுக்க மட்டும் அந்தக் கட்டிலுக்குப் போகவில்லை. கூடத்துச் சோபாவில் முடங்கிக்கொண்டார். தையல் எந்திரம் ஓடும். பாதித் தையலில் நிற்கும். நின்ற இடத்திலிருந்து நெடுநேரம் எந்த ஓசையும் வராது. முன்பெல்லாம் மழை வலுத்தால் எழுந்துபோய்ச் சன்னல் சட்டத்தின் ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பார், ஈரம் கசிகிறதா என்று. இப்போது தடவுவதில்லை.

மகளின் நெஞ்சுக்குள் நடந்த போரை வெளியில் எவரும் அறியமாட்டார். அவள் தடை சொல்ல வேண்டியதில்லை. கண்ணீர் விட வேண்டியதில்லை. வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். ஒரு மனிதர் ஒரு கட்டிலைப் பார்த்துத் தப்பாகப் புரிந்துகொண்டார். அந்தத் தப்பைத் திருத்தாமல் விட்டால், எல்லாம் பழையபடியே இருந்துவிடும். எத்தனை வீடுகளில் எத்தனை தாய்மார்களின் வாழ்வு இப்படி, கொடுமைக்காரர் கையால் அல்ல, பாசமுள்ள பிள்ளைகளின் மௌனத்தால் முடித்து வைக்கப்பட்டிருக்கிறது! அடித்தவனை ஊர் ஏசும். அன்பாக வாய் மூடி இருந்தவளை யார் ஏசுவார்?

ஒரு காலையில் அவள் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். கணவன் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றான்.

"போய்ச் சொல்லலாம்ல, தெரியாமத்தான் அறுத்தேன்னு."

"சொன்னா?"

"சொன்னா அவர் திரும்பி வருவாரு."

"அதுக்குத்தான் பயமா இருக்கு."

அவன் தட்டை மறுகைக்கு மாற்றிக்கொண்டான். பிறகு, "எனக்கு வேற ஒரு சிக்கல் இருக்கு," என்றான். "நீ அவரை அண்ணேன்னு கூப்பிடறே. அப்ப எனக்கு மச்சான். நாளைக்கே அவர் உனக்கு அப்பா ஆயிட்டா மாமனார். மச்சான்னா தோள்ல கை போடலாம். மாமனார்னா எந்திரிச்சு நிக்கணும். நான் எதுக்குத் தயாராகணும், சொல்லு."

"விளையாடாதே."

"விளையாடலை. வாசல்ல வந்து நின்னா முழிக்கக்கூடாதுல்ல?"

அவளுக்குச் சிரிப்பு வெடித்தது. சிரிப்பின் வால் அழுகையாக இருந்தது. முட்டை கருகத் தொடங்கியது.

"அம்மா சந்தோஷமா இருக்கக்கூடாதுன்னா நினைக்கறே?"

"இல்ல. அம்மா மாறக்கூடாதுன்னு நினைக்கறேன்."

"பழசையெல்லாம் மாத்தறவ, அதை நீ சொல்றே," என்றான் அவன். வேறொன்றும் சொல்லாமல் கருகிய முட்டையைத் தன் தட்டில் வாங்கிக்கொண்டான்.

அன்று அவள் பட்டறைக்குப் போகவில்லை. வண்டியை நேரே கண்ணாடிக் கடைக்கு ஓட்டினாள். சந்து முழுவதும் பனி. கடைக்குள் நுழைந்ததும் பனி முடிந்து அவளே தொடங்கினாள். சுவரெங்கும் நிலைக்கண்ணாடிகள், ஒவ்வொன்றிலும் அவள். சிலவற்றில் ரசம் உதிர்ந்து, அவள் முகத்தில் பாதி மேகமாக இருந்தது. மேசைமேல் குனிந்திருந்தவர் தலை தூக்கினார்.

"வாங்க மேடம். அந்தக் கண்ணாடியில ஏதாவது குறையா?"

"கண்ணாடியில ஒண்ணும் இல்ல. உக்காருங்க, நான் ஒண்ணு சொல்லணும். அந்தக் கட்டிலை நான் தெரியாமத்தான் அறுத்தேன். உங்களைப் பத்தியோ அம்மாவைப் பத்தியோ அப்ப எனக்கு எதுவுமே தெரியாது. அது பதில் இல்ல."

அவர் கண்ணாடி வெட்டும் கருவியைக் கீழே வைத்தார்.

"இப்பத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப இப்ப என்ன பதில், மேடம்?"

கடைக்குள் நின்ற அத்தனை அவளும் அவள் வாயையே பார்த்தார்கள். நல்ல சொல் ஒன்றைத் தேடினாள். கோபம் முந்திக்கொண்டு வந்தது.

"ஒரு பலகை அறுபட்டதைப் பாத்து ஓடிட்டீங்களே! எங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? நீங்களா ஒண்ணை நினைச்சுக்கிட்டு, நீங்களா முடிச்சிட்டீங்க."

"நீங்களும் கேக்கலையே, மேடம்."

"கேக்கலை. அதுக்குத்தான் திட்டு வாங்கிட்டு வந்திருக்கேன். இனிமே நீங்க போய் வாங்கிக்குங்க."

"பயந்துட்டேன்மா." மேடம் என்பது அவர் வாயிலிருந்து தானாக உதிர்ந்துவிட்டது. "எனக்குன்னு யாரும் இல்ல, கேக்கவும் ஆள் இல்ல, தடுக்கவும் ஆள் இல்ல. அவங்களுக்கு நீங்க இருக்கீங்க. உங்களை அவங்ககிட்டேயிருந்து அறுத்து எடுத்து எனக்கு ஒரு வாழ்க்கை வேணுமான்னு தோணிச்சு."

அவள் ஒரு கண்ணாடியில் சாய்ந்திருந்த தன் தோளைப் பார்த்தாள்.

"எனக்கு இன்னும் மனசு ஆறலை. பொய் சொல்லமாட்டேன். ஆறுறதுக்கு நாளாகும். ஆனா எனக்கு ஆறுற வரைக்கும் அவங்க எதுக்குக் காத்திருக்கணும்? பதில் சொல்ல வேண்டியவங்க வீட்டுல திரை தச்சுக்கிட்டு இருக்காங்க. வண்டி வெளியில நிக்குது. சட்டையை மாத்திக்கிட்டு வாங்க."

"இந்தச் சட்டைக்கு என்ன?"

"பட்டி ஒட்டியிருக்கு."

"அது அவங்களுக்குப் பழகினதுதான்."

வீட்டு வாசலில் கணவன் நின்றிருந்தான். தோளில் கை போடலாமா, விலகி நின்று வழி விடலாமா என்று தடுமாறி, கடைசியில் அவருடைய குடையை வாங்கிக்கொண்டான். தாயார் எந்திரத்தை விட்டு எழவில்லை. கையில் துணி, கண்ணும் துணியில்.

"என்ன, பட்டி இன்னும் காயலையா?"

"காஞ்சதா இல்லையான்னு கேக்காமப் போயிட்டேங்க."

"ரம்பச் சத்தத்துக்கே ஓடுற ஆளு. நாளைக்கு இவ ஒரு நாற்காலியை உடைப்பா, அப்பவும் ஓடுவீங்களா?"

"ஓடமாட்டேன்."

"எப்படி நம்புறது?"

"முட்டி வலிங்க. ஒரு தடவைதான் ஓட முடிஞ்சுது."

தாயாரின் உதடு அசைந்தது. அதைத் துணிக்குள் மறைத்துக்கொண்டார்.

"உக்காருங்க. நான் யோசிக்கணும். ஓடினவரு வந்துட்டாருங்கிறதுக்காக நான் உடனே எந்திரிச்சு வர முடியாது." பிறகு மகளைப் பார்த்தார். "நீ ஏன் நிக்கிறே?"

"அம்மா, கட்டிலை நான் திரும்ப அகலமாக்கித் தர்றேன். நடுவுல வெளிர் மரம் வச்சுச் சேத்தா..."

"வேண்டாம்."

"இல்லம்மா, நல்லா வரும்."

"நல்லா வரும்னு தெரியும். இப்பவே நல்லாத்தான் இருக்கு. ஒரு ஆளுக்கு அதைவிட நல்ல கட்டில் கிடைக்காது. நீயே வச்சுக்கோ. மாப்பிள்ளை மேல கோவம் வந்தா தனியாப் படுத்துக்கோ."

"அத்தை," என்றான் கணவன், "அதுல படுக்கப் போறது நான்தான். இப்பவே சொல்லிட்டேன்."

கண்ணாடிக்காரர் முதலில் சிரித்தார். சிரிக்கலாமா என்று தெரியாமல் நிறுத்தினார். தாயார் சிரிக்கவும் மீண்டும் தொடங்கினார்.

"அப்ப உனக்கு?" மகள் கேட்டாள். "உனக்கு என்னம்மா வேணும்?"

"தெரியலை. இத்தனை வருஷத்துல அதை என்கிட்ட யாரும் கேட்டதில்ல. நானும் கேட்டுக்கிட்டதில்ல. யோசிச்சு சொல்றேன்."

யோசித்து முடிக்கும்வரை கண்ணாடிக்காரர் மாலைதோறும் வந்து, தேநீர் குடித்து, குடையை மறந்துவிட்டுப் போனார். தாயார் யாருக்காகவும் விரைந்து முடிவெடுக்கவில்லை. பனிக்காலம் மெலிந்து, ஆற்றின் அக்கரை கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய நாளில், இருவரும் பதிவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்திட்டார்கள். மகளும் மருமகனும் சாட்சியாகக் கையெழுத்திட்டார்கள். மகள் பாதிக் கையெழுத்தில் பேனாவை ஒருகணம் நிறுத்தினாள். தாயார் அதைக் கண்டும், கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இருவரும் தங்களுக்கென ஆற்றங்கரையில் ஒரு மாடி அறையைத் தேடிப் பிடித்திருந்தார்கள். படியேறி உள்ளே நுழைந்தபோது அங்கே ஒன்றுமே இல்லை. வெள்ளைச் சுவர்கள், மரத்தளம், இரண்டு சன்னல்கள். ஆற்றின் மேல் விழுந்த மாலை வெயில் தண்ணீரில் உடைந்து, கூரையில் ஏறி, அங்கே அலையாக ஆடிக்கொண்டிருந்தது. அந்த அறை நிற்கிறதா மிதக்கிறதா என்று சொல்ல முடியாதபடி எல்லாம் மெல்ல அசைந்தது. நால்வரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்து, பழம் நறுக்கித் தின்றார்கள். பேசினால் பேச்சு சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

மகளின் விழிகள் ஓயவில்லை. அந்த மூலை ஒரு நாற்காலிக்காகப் பிறந்தது. இந்தச் சுவர் ஓர் அலமாரியைக் கேட்டுக் கெஞ்சியது. இரண்டு சன்னல்களுக்கு நடுவே ஒரு சின்ன மேசை மட்டும் இருந்தால்!

"பாப்பா, கண்ணாலயே சாமான் அடுக்காதே."

"ஒரு மேசை, ஒரே ஒரு மேசை. நான் கேட்டுட்டுத்தான்மா செய்வேன்."

"நீ கேட்டுட்டே. நான் வேண்டாம்னு சொல்லிட்டேன். கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும். சத்தம் எப்படித் திரும்பி வருது பாத்தியா? ரெண்டு பேரு பேசினா நாலு பேரு பேசுற மாதிரி இருக்கு."

"படுக்கிறதுக்கு?"

"தரை இருக்கு. அகலமா இருக்கு."

கண்ணாடிக்காரர் பழத்தோலைப் பொறுக்கும் சாக்கில் குனிந்துகொண்டார். அவர் காது சிவந்திருந்தது.

"சரி, கிளம்புங்க," என்று தாயார் எழுந்தார். "இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போங்க."

"விளக்கு ஒண்ணாவது கொண்டு வந்து..."

"கிளம்பு, பாப்பா."

மகள் எழுந்தாள். அந்த அறையில் அவள் சேர்ப்பதற்கோ குறைப்பதற்கோ ஒன்றும் இல்லை. அவளுடைய கைகள் இரண்டும், வாழ்வில் முதல் முறையாக, வேலையற்றுத் தொங்கின. அதில் ஒரு வலியும் இருந்தது. அந்த வலிக்குள் ஓர் இலேசும் இருந்தது. கணவன் முன்னே இறங்கினான். படிக்கட்டின் பாதியில் அவள் நின்று திரும்பிப் பார்த்தாள். தாயார் வாசலில் நிற்பார், கையசைப்பார் என்று நினைத்திருந்தாள். எப்போதும் அப்படித்தானே நிற்பார்.

வாசலில் யாரும் இல்லை. உள்ளே தாயார் ஏதோ சொன்னார்; அது சுவரில் பட்டு இரண்டாகத் திரும்பியது. ஓர் ஆண்குரல் சிரித்தது. பிறகு கதவு சாத்தப்பட்டது. உள்ளிருந்து தாழ்ப்பாள் விழும் ஓசை, தெளிவாக, நிதானமாக, அவள் நின்ற படிவரை இறங்கி வந்தது.

"என்ன ஆச்சு?" என்று கீழிருந்து கேட்டான் கணவன்.

"ஒண்ணும் இல்ல. தாழ்ப்பாள் நல்லா விழுது," என்றாள் அவள். இறங்கத் தொடங்கினாள்.